சொல்லாமல் ஏறிய பஸ்

வெள்ளிக்கிழமை காலை வேணியின் உள்பாவாடையில் மறுபடியும் ரத்தம். இரண்டு மாதத்தில் மூன்றாவது முறை. மூன்று முறையும் கணவர் இளவரசனோடு சேர்ந்திருந்த மறுநாள்தான்.

வேணிக்கு வயது ஐம்பத்தொன்று. தீட்டு நின்று நாலு வருடம். பேத்திக்கு மொட்டை அடித்துக் காது குத்தியாகிவிட்டது. இந்த வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? பாவாடையைக் கொல்லையில் அலசி, புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டாள்.

பத்து மணிக்கு மூத்த ஓரகத்தி ஜெகதாம்பாள் வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை குலசாமிக்குப் பொங்கல். அந்தக் குடும்பத்தில் தீட்டு நின்ற பெண்தான் சாமி பானையைத் தொடலாம். இந்த வருடம் வேணியின் முறை.

ரத்தத்தோடு அந்தப் பானையைத் தொடுவதா? வேணிக்குப் பகீரென்றது. முப்பது வருடம் சொல்லிப் பழகிய சாக்கு தானாக வாயில் வந்துவிட்டது.

"என்னால ஆவாதுக்கா. தூரம்."

ஜெகதாம்பாள் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். "நாலு வருசமா வராதது, பொங்க வைக்கிறப்பதான் வந்துச்சாக்கும்? கை வலிக்குதுன்னு சொல்லிட்டுப் போயேன்டி."

தானே வைத்துக்கொள்வதாக முணுமுணுத்துக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். ஆனால் அடுப்படியில் நின்ற மருமகள் ஹேமலதாவின் காதில் எல்லாம் விழுந்திருந்தது. நின்ற பிறகு ரத்தம் வந்தால் சும்மா விடக் கூடாது என்றாள். அடுத்த ஒரு மணி நேரத்தில் விக்கிரமங்கலத்தில் பஸ் ஏற்றி, அரியலூரில் ஒரு லேடி டாக்டர் முன்னால் மாமியாரை உட்கார வைத்துவிட்டாள்.

டாக்டர் மணிமொழிக்கு வேணியின் மகன் வயதுதான் இருக்கும். எப்போதிலிருந்து, எவ்வளவு என்றெல்லாம் கேட்டவர், பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

"வீட்டுக்காரரோட சேர்ந்த பிறகு வருதாம்மா?"

பக்கத்து நாற்காலியில் ஹேமலதா. வேணியின் காது மடல் கொதித்தது.

"சேச்சே. அவரு தனியாப் படுப்பாருங்க. நெல்லு மூட்டைய இழுத்துப் போட்டேன், அதுலேர்ந்துதான்."

உள்ளே பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இன்னொரு நாள் வருகிறேன் என்று வேணி எழுந்தே விட்டாள். திங்கட்கிழமை கட்டாயம் வரச் சொல்லி, ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

ஊர் திரும்பும் பஸ் கிளம்பியது. டிக்கெட் வாங்கியாயிற்று. தப்பித்தோம் என்று நினைத்த அதே நொடியில் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. பொய்க்கு மருந்து கொடுத்தால் நோய் எப்படிப் போகும்? திங்கட்கிழமையும் அதே கேள்வியைத்தானே கேட்பார்?

"ஹேமா... நான் டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"எதை அத்த?"

வேணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூட்டையெல்லாம் தூக்கல. உங்க மாமா தனியாவும் படுக்கல."

ஹேமலதாவின் முகம் சிவந்தது. எழுந்தாள். கண்டக்டரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

இரண்டாவது முறை அந்த அறைக்குள் நுழைந்தபோது வேணி உட்காரவே இல்லை. நின்றபடியே, தரையைப் பார்த்தபடியே, மூன்று தேதியையும் சொன்னாள். கட்டிலில் படுத்து முழங்காலை மடக்கியபோது புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. தீட்டு நின்றவர்களுக்கு உள்ளே வறண்டு, தோல் மெலிந்து, உரசினாலே ரத்தம் வரலாம் என்றார். கர்ப்பப்பை வாயில் புண்ணாகவோ சின்னச் சதை வளர்ச்சியாகவோ இருக்கலாம். கிருமித் தொற்றும் உண்டு. அபூர்வமாகப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்; பரிசோதிக்காமல் எதையும் சொல்ல மாட்டேன் என்றார். சின்ன பிரஷ் ஒன்றால் உள்ளே தடவி எடுத்து லேபுக்கு அனுப்பினார்.

"ஸ்கேனும் எடுத்துடுங்க. ரிசல்ட் வர பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சேர வேணாம். வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

இருவரும் வெளியே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது ஹேமலதா செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமாகிட்ட... அவர வுட்டுச் சொல்லச் சொல்லட்டுமா?"

மகன் வாயாலா? வேணிக்கு உடம்பே கூசியது.

"வேணாம்மா. இன்னிக்கே நானே சொல்லிடுறேன்" என்றாள். அப்போதும் அவளால் மருமகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.