ஒன்பதாவது அட்டை

எட்டாவது அட்டையை உறைக்குள் செருகிவிட்டு வின்கா அடுத்த அட்டையை உருவினார். அதன் முதுகில் பத்து என்று அச்சிட்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பேராலயத்துக்கு எதிரே இருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லா அட்டைகளையும் மடியில் கவிழ்த்துப் பரப்பி எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டு இருக்க வேண்டும். பதினொன்றுதான் வந்தது.

"ஒம்பது இல்லையே" என்றார்.

செர்ரிப் பழப் பொட்டலத்தோடு நின்றிருந்த தூன்யா, தோள்பையை முழங்கையால் இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். ஒன்பதாவது அட்டை அந்தப் பைக்குள்தான், வீட்டுச் சாவிக்கும் கைக்குட்டைக்கும் நடுவில் இருந்தது. காலையில் வின்கா குளித்துக்கொண்டிருந்தபோது அவள்தான் எடுத்தாள்.

செப்டம்பரில் அவளுக்கும் ஷிமேக்கும் கல்யாணம். மகன் வாழப்போகும் ஊரைப் பார்க்க வின்கா ஒசியெக்கிலிருந்து, நாட்டின் மறுகோடிச் சமவெளியிலிருந்து, பஸ்ஸில் வந்திருந்தார். ஒரு கையில் வீட்டில் புகைபோட்ட சாசேஜ், காலில் நடப்பதற்கென்றே வாங்கிய புது ஷூ. டிராகன்களும் மந்திரவாதிகளும் வரும் ஒரு சினிமாவின் மூன்று பாகங்களையும் இரண்டிரண்டு தடவை பார்த்தவர். அதில் பாதியை எடுத்தது இந்தக் கடலோர ஊரான ஷிபெனிக்கின் சந்துகளிலும் கோட்டைகளிலும்தான். அதனால் வந்த சாயந்திரமே துறைமுகப் பெட்டிக்கடையில் அந்த உறையை வாங்கிவிட்டார். ஒரு வரைபடம், பன்னிரண்டு இடம், இடத்துக்கு ஒரு அட்டை. வழிகாட்டி கிடையாது. நாமே நடந்து போய், படக்காட்சி அச்சிட்ட அட்டையைக் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, சுவரோடு சுவரும் படியோடு படியும் சேரும்வரை நகர்த்த வேண்டும். சேர்ந்ததும், பிரசவ வார்டில் சொல்லிப் பழகிய குரலில், "ஆச்சு" என்பார் வின்கா. காலையிலிருந்து எட்டு முறை சொல்லிவிட்டார்.

இடத்துக்கு வருமுன் அட்டையைப் பார்க்கக் கூடாது என்று உறையில் எழுதியிருந்தது. எழுதியிருப்பதை மீறுகிறவர் அல்ல வின்கா. தூன்யா அதைத்தான் நம்பினாள். எட்டிலிருந்து பத்துக்குப் போகும்போது வெயிலும் களைப்பும் சேர்ந்து நடுவில் விட்டுப்போனதை மறக்கடித்துவிடும் என்று நினைத்தாள்.

அந்த அட்டையில் தூன்யா இருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன், நகரத்தை விட்டு ஜனங்கள் தப்பி ஓடும் காட்சிக்காக ஊர்க்காரர்கள் முந்நூறு பேரைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது. குழந்தையின் அப்பன் அயர்லாந்துக்கு வேலைக்குப் போய் போன் நம்பரை மாற்றிவிட்டிருந்தான். உடை கொடுத்த பெண் அவள் வயிற்றைப் பார்த்து, தலையணை ஒன்றும் கட்ட வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டு, சாக்குத்துணி அங்கி ஒன்றை மாட்டிவிட்டாள். பேராலயத்தின் பக்கவாட்டுப் படிகளில், கீழிருந்து நாலாவது படியில், அடிவயிற்றுக்கு ஒரு கையை அணைகொடுத்து நின்றாள். பதினோரு நாள் கழித்து உள்ளே அசைவு நின்றுபோனது. பெண் குழந்தை. அந்த மாதங்களில் யாரும் அவளைப் படம் எடுக்கவில்லை. காட்டுவதற்கு ஆளில்லாததால் அவளும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் குழந்தையும் சேர்ந்திருக்கிற ஒரே படம் பெட்டிக்கடைக் கம்பியில் தொங்கியது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவாள். ஒரு நாளும் வாங்கியதில்லை.

ஷிமேயிடம் பழகிய மூன்றாம் மாதமே சொல்லிவிட்டாள். அம்மாவிடம் நான் சொல்கிறேன் என்றான். அது போன வருஷம். நேற்றும் கேட்டாள். கல்யாணம் முடியட்டுமே என்றான். இன்று அவன் அருவிக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு படகில் இருக்கிறான். இங்கே அவள் இருக்கிறாள்.

வேறு எவருடைய அம்மாவாக இருந்தாலும் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அந்தப் படிகளின் அடியில் நின்று அட்டையைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அதை வேஷம் என்றே நினைத்துக்கொண்டு போனார்கள். ஆனால் வின்கா முப்பத்தைந்து வருஷம் பிரசவம் பார்த்த நர்ஸ். காலையில், ராணி கோட்டை மேல் நிற்கிற நாலாவது அட்டையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"தலையணைடி இது. நிறைமாசம்னு சொல்றாங்க, முதுகு கொடிக்கம்பமாட்டம் நிக்குது. நெஜமா சுமக்கிறவ குதிகால்ல நிப்பா. எனக்கு வயித்தைக் காட்ட வேண்டாம், காலைக் காட்டினாப் போதும்."

தூன்யாவும் சிரித்தாள்.

"விட்டுடலாம் அத்தை" என்றாள் இப்போது. "பத்தாவது எடம் கடலோரம். காத்து வரும்."

"ஒரு நம்பரைத் தாண்டி அடுத்த நம்பருக்கு நான் போனதே இல்ல. போயிருந்தா எத்தனை பிள்ளை மாறிப்போயிருக்கும்" என்றார் வின்கா. "பன்னெண்டுன்னு சொல்லிக் கடைக்காரி பதினொண்ணைக் குடுத்திருக்கா. கடற்கரைக்காரங்க மீனுக்கு உப்பைக்கூட எண்ணித்தான் போடுவீங்கன்னு எங்க ஊர்ல சும்மாவா சொல்றாங்க."

நேற்றாக இருந்தால் சமவெளிக்காரர்கள் பன்றிக்கொழுப்பில் காப்பி போடுவதைப் பற்றி ஏதாவது திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று செர்ரிப் பொட்டலத்தின் வாயைத் திருகி மூடினாள். வின்கா அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

கடைக்கே போய்க் கேட்போம் என்று எழுந்தார். கடைக்கார மாரித்ஸாவுக்கு எல்லாம் தெரியும். வாயும் நீளம். கால் வலிக்கும் அத்தை, நான் ஓடிப்போய் வாங்கி வருகிறேன் என்றாள். அதற்குள் வின்காவின் கண் வேறு பக்கம் போய்விட்டது. படிகளின் அடியில் ஒரு ஜெர்மன்காரத் தம்பதி நின்றிருந்தார்கள். புருஷன் கையில் அதே உறை. பெண்டாட்டி ஒன்பதாவது அட்டையைப் பிடித்துப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"அவங்ககிட்ட ஒரு நிமிஷம் வாங்கிப் பாத்துட்டுக் குடுத்துடலாம்" என்று வின்கா நடந்தார்.

தூன்யா பின்னால் போனாள். நாலடி தூரத்தில் அந்தப் பெண்ணின் கை நன்றாகத் தெரிந்தது. அட்டையின் இடது கீழ்மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். வெண்ணெயோ சன்கிரீமோ, விரல் பிசுபிசுவென்று மின்னியது. படத்தில் தூன்யா நின்றிருந்தது அந்த மூலையில்தான். விரல் அவள் வயிற்றின் மேல் இருந்தது.

"அத்தை" என்றாள். வின்கா திரும்பினார். "அவங்ககிட்ட கேக்காதீங்க. எங்கிட்ட இருக்கு."

பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். வின்கா வாங்கி, நிழலுக்குப் போய்ப் பார்த்தார். ஓடுகிற கூட்டம், புகை, நடுவில் குதிரை. பார்வை அதையெல்லாம் கடந்து மூலைக்கு வந்து நின்றது. முதலில் கால்களைப் பார்த்தார். பிறகு கையை. முகத்தைக் கடைசியாகத்தான் பார்த்தார்.

"எத்தனை மாசம்?"

"ஏழு முடிஞ்சு நாலு நாள்."

"பிள்ளை?"

பதினோரு நாள் கழித்து என்று சொன்னாள். பெண் என்பதையும் சொன்னாள். வின்கா மற்றதைக் கேட்கவில்லை. அவருக்கு மற்றது தெரியும்.

"ஷிமேக்குத் தெரியும்" என்றார். அது கேள்வி இல்லை.

தூன்யா தலையசைத்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றார் வின்கா. குரல் உயரவில்லை. "காலையில நான் தலையணைன்னு சிரிச்சப்ப, நீயும் கூடச் சிரிச்சே."

"ஆமா அத்தை."

தம்பதி படத்தைப் பொருத்தி முடித்துக்கொண்டு சந்துக்குள் போய்விட்டார்கள். பேராலயத்தின் சுவரைச் சுற்றி வரிசையாக இருக்கும் கல் முகங்கள், எந்தக் காலத்திலோ இந்த ஊரில் நடமாடிய யார் யாருடைய முகங்களோ, மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. வின்கா அவள் கையிலிருந்த செர்ரிப் பொட்டலத்தை வாங்கிப் பெஞ்சில் வைத்தார்.

"போய் நில்லு."

"எங்க அத்தை?"

"நின்ன எடத்துல."

தூன்யா படியேறினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஆறு வருஷமாக இந்தப் படியில் கால் வைக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனவள். கல் சுட்டது. திரும்பி நின்றபோது கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். எடுக்கவில்லை.

கீழே வின்கா கையை நீட்டி அட்டையைத் தூக்கிப் பிடித்தார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் வலப்பக்கம், ஓரடி பின்னால். அட்டை அவர் முகத்தை முழுக்க மறைத்துவிட்டது. தூன்யாவுக்குத் தெரிந்ததெல்லாம் அட்டையின் வெள்ளை முதுகும், அதில் பெரிதாக ஒன்பதும், கீழே தூசி படிந்த புது ஷூக்களும்தான். மற்ற எட்டு இடத்திலும் இவ்வளவு நேரம் ஆகவில்லை. பின்னால் நாலைந்து பேர் தங்கள் அட்டைகளோடு வந்து முறைக்குக் காத்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் மெல்லக் கனைத்தார். வின்கா திரும்பவில்லை.

தூன்யா குதிகாலை ஊன்றி, "ஆச்சு" என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றாள். வெள்ளை அட்டை வெயிலில் அப்படியே நின்றது. கீழே இறங்கவில்லை.