கிரோநெஸ் மைதானத்தில் பிளாஸ்டிக் புல் வளர்ந்த வருடம்

மே பதினேழு எங்கள் நாட்டின் தேசிய தினம். அதற்கு மறுநாள் காலையில் பார்த்தபோது கிரோநெஸ் கால்பந்து மைதானத்தின் பிளாஸ்டிக் புல் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. அதே வாரம் பெட்ரோல் விலையும் ஏறியது. ஊர் பேசியதெல்லாம் பெட்ரோலைப் பற்றித்தான். எங்கள் ஊர் அப்படி. கண்ணெதிரே நடப்பதை நம்புவதற்குக்கூட எங்களுக்கு ஒரு கடிதமும் அதன் கீழே ஒரு கையெழுத்தும் வேண்டும். கால்பந்து மன்றத் தலைவி ரன்வெய், புல்லை விற்ற கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். பிளாஸ்டிக் வளராது என்று பதில் வந்தது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு எல்லாரும் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போனார்கள். பலகைக்குப் பத்தடி தள்ளிப் புல் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

நாங்கள் ஆடுவது நாட்டின் இரண்டாவது தட்டு லீக்கில். அதற்கு வைத்திருக்கும் பெயர் முதல் டிவிஷன். இந்த ஒரு பொய்யிலிருந்தே மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். பதினாறு அணிகள், முப்பது ஆட்டங்கள். எட்டு மணி நேரம் பஸ்ஸில் போய், ஒரு கோலில் தோற்று, பெட்ரோல் பங்கில் சாஸேஜ் தின்றுவிட்டு, எட்டு மணி நேரம் திரும்பி வருவது. இதற்குப் பெயர் விளையாட்டு. எங்கள் ஆட்டக்காரர்கள் பந்து தங்கள் பக்கம் வந்தால் கடன்காரனைக் கண்டவர்களைப் போல நகர்ந்துகொள்வார்கள். அந்த வருடம் முதல் ஏழு ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஊர் மட்டும் விடாமல் வந்து, வாஃபிள் தின்று, தோல்வியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனது. வாஃபிள் நன்றாக இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பிளாஸ்டிக்குக்கு முன் அங்கே நிஜப் புல் இருந்தது. பதினெட்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டவர் ஓட்வார். அவர் நல்ல மைதானக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். பாசிதான் வளர்ந்தது. வலது மூலையில் வாத்துகள் நீந்தின. கடலிலிருந்து உப்புக்காற்று அடிக்கும் அந்த முனையில் வேறு யார் இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்; ஆனால் காற்றை வேலையை விட்டு நீக்க முடியாதல்லவா, ஓட்வாரை நீக்கிவிட்டுப் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். நீக்கிய கூட்டத்தின் குறிப்பை எழுதியவர் அப்போது செயலாளராக இருந்த ரன்வெய். ஓட்வாரோடு ஒரே வகுப்பில் படித்தவர். ‘ஓட்வார் கை வைத்த இடத்தில் எதுவும் முளைக்காது’ என்று எழுதினார். அடுத்த கூட்டத்தில் குறிப்பு வாசிக்கப்பட்டு, ஒப்புதல் பெற்று, அலமாரிக்குள் போனது. ஓட்வார் அன்று பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பச்சை நிறப் பூவாளியோடு வந்து பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். பனியிலும் மழையிலும் பதினோரு வருடம் ஊற்றினார். மழையில் குடை பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஊற்றும் மனிதரைப் பார்த்து ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன்.

புல் வளர வளர எங்கள் அணி ஜெயிக்க ஆரம்பித்தது. திறமையால் அல்ல. வெளியூர் அணிகள் தரையோடு தட்டி ஆடும் பந்து பாதி வழியில் புல்லுக்குள் நின்றுவிடும். எங்களவர்களுக்குத் தரையோடு தட்டத் தெரியாது என்பதால் நஷ்டமில்லை. செப்டம்பரில் புல் முழங்காலை எட்டியது. தலைநகரிலிருந்து கால்பந்து சங்கத்தின் மேற்பார்வையாளர் ஸ்கேலோடு வந்து, குனிந்து அளந்து, கடைசி ஆட்டத்துக்குள் ஆறு சென்டிமீட்டருக்குக் குறைக்காவிட்டால் ஆட்டம் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார். எப்படி வளர்ந்தது என்று அவர் கேட்கவில்லை. அதற்கு அவருடைய படிவத்தில் இடமில்லை. கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் லீக்கில் தங்கலாம். இல்லையென்றால் மூன்றாம் தட்டு.

ரன்வெய் டுக்னாட் அறிவித்தார். டுக்னாட் என்றால் ஊர்ப் பொது வேலைக்குக் கூலி கேட்காமல் எல்லாரும் வந்தாக வேண்டும். வராதவர் பெயர் பத்து வருடம் கெட்டுக் கிடக்கும். ஊரே சமையலறைக் கத்தரிக்கோலோடு வந்தது. கத்தரிக்கோல்கள் மழுங்கின. நகராட்சியின் வெட்டும் இயந்திரம் புகைந்து நின்றது. அப்போது ஓட்வார் தன் துருப்பிடித்த தள்ளு இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து, ஒரு கோலிலிருந்து மறு கோல் வரை ஒரே ஒரு முறை நடந்தார். புல் வெண்ணெயாக அறுந்து விழுந்தது. இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ரன்வெய் பின்னாலேயே போனார்.

“ஓட்வார், ஊருக்காகக் கேக்குறேன். ஒரே ஒரு நாள், வந்து வெட்டிக் குடுத்துடு.”

“வெட்டுறேன். அந்த வரிய அடிச்சிடு.”

“எந்த வரி?”

“நீ எழுதின வரிதான். மறந்துட்டியா? எனக்குப் பக்க நம்பரே தெரியும்.”

“அது ஒப்புதல் ஆன குறிப்பு. நான் நெனச்சா அடிச்சிட முடியுமா? கூட்டம் போடணும். ரெண்டு வாரம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்.”

“குடு. எனக்கென்ன அவசரம்? வளர்றது ஒங்க புல்லு.”

கடைசி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, சிறப்புக் கூட்டம் கூடியது. அறுபத்தொரு உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். வாக்கெடுப்பு என்றதும் ஓட்வார் எழுந்து, இது தன்னைப் பற்றிய விஷயம், தான் உள்ளே இருப்பது முறையல்ல என்று சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். கோல்கீப்பர் ஐவிந்த் அவர் கையைப் பிடித்தான்.

“எந்தச் சட்டம் ஒன்ன வெளிய போகச் சொல்லுது? பைத்தியமா நீ? ஒக்காரு!”

“எனக்காக நானே கையத் தூக்குறதா? அசிங்கம்.”

கையை விடுவித்துக்கொண்டு ஓட்வார் வெளியே போனார். உள்ளே கைகள் எழுந்தன. அடிக்கலாம் என்று முப்பது, கூடாது என்று முப்பது. சமமானால் தீர்மானம் விழுந்தது என்று பொருள். கூடாது என்ற முப்பதில் ஒரு கை ரன்வெய்யுடையது. தான் எழுதிய வரிக்காகத் தன் கையையே தூக்கினார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். ஒப்புதல் ஆன குறிப்பை மாற்றிக்கொண்டே போனால் ஊர் என்னாவது என்று கேட்டார். மற்ற இருபத்தொன்பது பேரும் இதையேதான் நினைத்தார்கள். அந்தப் பக்கம் நானும் இருந்தேனா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். வெளியே வந்து முடிவைச் சொன்னபோது ஓட்வார் தலையாட்டினார், தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அவர் தண்ணீர் ஊற்ற வரவில்லை. சனிக்கிழமை புல் மஞ்சளாகியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைமுடிபோல மொத்தமாக உதிர்ந்து, காற்று அதைக் கடலுக்கு அள்ளிக்கொண்டு போனது. கறுப்பு ரப்பர் துகள்களும் தார்த் தரையும் மிஞ்சின. மேற்பார்வையாளர் ஸ்கேலை வைத்து, உயரம் பூஜ்யம், மைதானம் இல்லை என்று எழுதினார். ஆடாமலே தோற்றோம். அது ஒன்றுதான் அந்த வருடம் நாங்கள் உருப்படியாக ஆடிய ஆட்டம். ரன்வெய் அன்றைய குறிப்பில், பழைய வரி சரியென்று நிரூபணமாகிவிட்டது என்று ஒரு வாக்கியம் சேர்த்தார்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரிலிருந்த எல்லாப் பிளாஸ்டிக் செடியும் வாடியது. பல் மருத்துவர் வரவேற்பறையில் பிளாஸ்டிக் பனை சாய்ந்தது. பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரங்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே ஊசியிலைகளைக் கொட்டின. கல்லறைத் தோட்டத்தில் பிளாஸ்டிக் மலர்வளையங்கள் கருகிக் கிடந்தன. ஓட்வாரின் முற்றத்தில் இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் பனிக்கு நடுவே இரண்டு இலை விட்டிருந்தது. ஜனவரியில் ரன்வெய், தன் அம்மாவின் கல்லறையில் இருந்த பிளாஸ்டிக் ரோஜாத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் கதவைத் தட்டினார். ஓட்வார் தொட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

“பொழைக்குமா?”

“மார்ச்சுல வருடக் கூட்டம் இருக்கு,” என்றார் ஓட்வார்.

மார்ச்சில் அதே அறுபத்தொரு பேர் வந்தார்கள். ஆறாவது விஷயமாக அந்த வரியை அடிக்கும் தீர்மானம் வந்ததும் ஓட்வார் எழுந்து வெளியே போனார். ரன்வெய்யும் எழுந்து வெளியே போனார். இருவரும் நடைவழி பெஞ்சில், நடுவே அந்த ரோஜாத் தொட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“போன தடவ ஏன் உள்ளயே ஒக்காந்திருந்த?”

“வெளிய வந்திருந்தா நீ ஜெயிச்சிருப்ப.”

“ஆமா,” என்றார் ஓட்வார்.

உள்ளே ஐம்பத்தொன்பது கைகளும் அடிக்கலாம் என்றே எழுந்தன, எதிர்ப்பே இல்லை. அந்த வரியை ஸ்கேல் வைத்து ஒரே கோட்டில் அடித்தார்கள், கீழே இருப்பதைப் படிக்கக்கூடிய அளவுக்கு. அப்படித்தான் அடிக்க வேண்டும் என்று விதி. ஓட்வார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தன் குவளையில் மிச்சமிருந்த தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றி, தொட்டியை ரன்வெய் மடியில் வைத்தார். இதர விஷயங்கள் என்ற தலைப்பில், மைதானத்துக்குக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர், செவ்வாய்தோறும் புல் வெட்டு என்று எழுதிக்கொண்டார்கள். ஏப்ரலில் தார்த் தரையில் பச்சை தெரிந்தது. மூன்றாம் தட்டின் முதல் ஆட்டத்தில் நான்கு கோலில் தோற்றோம். புல் அன்று சரியாக ஐந்து சென்டிமீட்டர் இருந்தது.