எவன் கிளி

வேரோனிக்கா வாய்தவறித்தான் சொன்னாள். ஜெறோம் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று விசாரிக்கத் தொலைபேசி எடுத்தவள், வேறு கதைகளில் இறங்கிவிட்டாள். லேபர் டே விடுமுறைச் சனிக்கிழமை வீட்டில் ஆட்கள் கூடுகிறார்கள், றோல்ஸுக்கு இறைச்சி வாங்கவேண்டும், புதிதாக வருகிற இராஜரட்ணம் மாடு சாப்பிடுவாரோ மாட்டாரோ என்று அடுக்கிக்கொண்டு போய்ச் சட்டென்று நின்றாள்.

“ஆர் அக்கா இராஜரட்ணம்?” என்று கேட்டான் ஜெறோம்.

தன் கணவன் அன்புராசாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவர், பிக்கரிங்கில் இருக்கிறார், நல்ல மனிசன் என்றாள். பிறகு அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று வைத்துவிட்டாள்.

ஜெறோம் றிசீவரைப் பிடித்தபடி நின்றான். மாசியில் மனைவி பேர்ணடெற் செத்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிப் பழகியிருந்தான். சாறிகளை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று மாமி கேட்டபோது சரி. அலுவலகத்தில் அவனுடைய மேசையைச் சன்னலிலிருந்து தள்ளிப் போட்டபோது சரி. இதற்கு மட்டும் அந்தச் சொல் வரவில்லை. அது பேர்ணடெற்றின் இடம்.

அமெரிக்கன் ஃபுட்போல் தொடங்குவதற்கு முதல்நாள், வருடா வருடம் எட்டுப் பேர் வோபர்னில் உள்ள அன்புராசா வீட்டில் கூடுவார்கள். லீக்கில் உள்ள ஆட்டக்காரர்களை முறைவைத்து, அவர்கள் பாசையில் ‘பிக்’ எடுத்து, ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுவார்கள். பந்து எறிகிறவன், ஓடுகிறவன், பிடிக்கிறவன் என்று ஆட்களைத் தனித்தனியாக எடுக்கவேண்டும். எதிரணியை மறிக்கிற தடுப்பை மட்டும், ஏதாவது ஓர் அணியின் தடுப்பு முழுவதையும் ஒரே பிடியாக எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆட்கள் உண்மையான மைதானத்தில் செய்கிறதற்கெல்லாம் இங்கே புள்ளி. வாராவாரம் ஒருவரோடு ஒருவர் மோதவேண்டும் என்பதால் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கவேண்டும். வெல்பவருக்குப் பரிசு, அடுத்த வருடம் முழுக்க மற்றவர்களை நக்கலடிக்கும் உரிமை.

எட்டுப் பேரில் பெண் என்று இருந்தது பேர்ணடெற் ஒருத்திதான். மருத்துவமனைச் சமையலறையில் அவளோடு வேலை செய்தவர்கள் பஃபலோ அணியின் பைத்தியங்கள். அந்த அணி தொடர்ந்து நாலு வருடம் இறுதியாட்டம் வரை போய்ப் போய்த் தோற்றதில் அவளுக்கும் அது தொற்றியது. ஆனால் அவளுடைய கண் போனது பந்து எறிகிறவன் மேல் அல்ல. மறிக்கிறவர்கள் மேல். மற்றவர்கள் முதல் முறையில் பேர்போன ஓட்டக்காரனை எடுப்பார்கள். அவள் தடுப்பை எடுப்பாள். தடுப்பைக் கடைசியில், கறிவேப்பிலை போல, கேட்டு வாங்குவதுதான் அங்கே வழக்கம். எல்லோரும் சிரிப்பார்கள். ஞாயிறு பின்னேரங்களில் அன்புராசா தொலைபேசியில் கூப்பிட்டும் சிரிப்பார். ஜெறோம் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கையில் அவளுடைய பாதிக் கதை கேட்கும். “சும்மாதான் அண்ணை எடுத்தனான்” என்பாள். சொல்லிவிட்டுத் தானும் சிரிப்பாள். மூன்று பருவத்தில் இரண்டை அவள் வென்றாள். எல்லோரும் அதை அதிர்ஷ்டம் என்றார்கள்.

ஜெறோம் டீவிக்குக் கீழே இருந்த பெட்டியை வெளியே இழுத்தான். அவள் பதிவுசெய்து வைத்த வீடியோக் கசெற்றுகள் அதில் கிடந்தன. வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாகப் போட்டான். முதலில் மாடுகள் முட்டிக்கொள்வது போலத்தான் இருந்தது. அவன் கட்டுபெத்தையில் பொறியியல் படித்தவன், இங்கே கட்டட வரைபடம் வரைகிறவன். ஒன்று விளங்காவிட்டால் அதை மேலிருந்து பார்த்துக் கோடாகக் கீறுவது அவன் பழக்கம். கசெற்றை நிறுத்தி நிறுத்திக் கீறினான். பிற்ஸ்பேர்க் அணி ஆடும் ஆட்டங்களில் மட்டும் கோடுகள் சரிவரவில்லை. முன்னுக்கு நின்று பாயவேண்டிய தடியன் பின்வாங்கினான். பின்னுக்கு நின்றவன் பாய்ந்தான். எதிரணியில் பந்து எறிகிறவன் குழம்பி, மறிக்க ஆள் இல்லை என்று நினைத்த இடத்தில் எறிந்து மறிக்கிறவனிடமே கொடுத்தான்.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒருநாள் அவள் அவனுடைய காலைத் தட்டிச் சொன்னாள்: “இஞ்சாருங்கோ, உவங்கள் கிளித்தட்டு விளையாடுறாங்கள். எவன் கிளி எண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

அவன் அன்று கண்ணைத் திறக்காமல் ஏதோ முனகியிருக்கவேண்டும். இப்போது கசெற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டான். ஊரில் விளையாடுகிற கிளித்தட்டில் மறிக்கிறவர்கள் தங்கள் கோட்டை விட்டு விலகமுடியாது. கிளி ஒருவன்தான் சுற்றிவர ஓடித் தொடலாம். யார் கிளி என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் விளையாடுவது. இவர்கள் அதை மறைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறொருவன் கிளி.

சனிக்கிழமை அவன் முகம் வழித்து, சேர்ட் மினுக்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

அன்புராசா கதவைத் திறந்து, ஆறுதல் தேடி வந்தவனை வரவேற்கிற மாதிரித் தோளைப் பிடித்தார். உள்ளே ஆட்கள் மேசையைச் சுற்றி இருந்தார்கள். லோறன்ஸ் வீதியில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் அகீல் கையாட்டினான். பல்கணிப் பக்கத்துக் கதிரையில், டலஸ் அணியின் தொப்பி போட்ட ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். முன்னால் விளையாட்டுச் சஞ்சிகைகள். பேர்ணடெற் எப்போதும் இருக்கும் கதிரை அது.

“இரு ஜெறோம், றோல்ஸ் சாப்பிடு” என்றார் அன்புராசா.

“நான் பிக் எடுக்க வந்தனான், அண்ணை. பேர்ணடெற்றின்ர இடத்துக்கு.”

அன்புராசா தரையைப் பார்த்தபடி விளக்கம் சொன்னார். அவனைக் கேட்டால் மனம் நோகும் என்றுதான் கேட்கவில்லை. அவனுக்கு இந்த விளையாட்டில் ஈடுபாடு இருந்ததாகவும் தெரியாது. இராஜரட்ணம் அண்ணைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஒன்பது பேர் ஆடவும் முடியாது.

இராஜரட்ணம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “குறை நினையாதையும், தம்பி. மனிசி போன கவலை விளங்குது. ஆனா இது கவலை தீர்க்கிற இடமில்லை. ஒராள் ஏனோதானோ எண்டு விளையாடினா மற்ற ஏழு பேரின்ர சீசனும் பழுதாப்போம். நீர் ஒரு மட்சாவது முழுசாப் பாத்தனீரோ?”

ஜெறோமுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. மாசிக்குப் பிறகு அவனோடு குரலைத் தாழ்த்தாமல் கதைத்த முதல் ஆள் அவர்.

“பாத்தனான்” என்றான். “இந்த ஒரு மாசமா.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அகீலுக்கு எப்போதும் சண்டை மூட்டிவிடுவதில் ஒரு சந்தோசம். இரண்டு பேரும் எப்படி அணி கட்டுவோம் என்று சொல்லட்டும், கேட்டுவிட்டு நாங்கள் ஏழு பேரும் தீர்ப்புச் சொல்கிறோம் என்றான். அன்புராசாவுக்கும் பழி தன் தலையிலிருந்து இறங்கினால் போதும் என்றிருந்தது.

இராஜரட்ணம் விசயம் தெரிந்தவர். லீக் இப்போது ஓர் அணி சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வரம்பு போட்டுவிட்டது, இனி எந்த அணியாலும் நல்ல ஆட்கள் எல்லோரையும் கட்டிவைத்திருக்க முடியாது, வருடா வருடம் சிதறுவார்கள் என்றார். அதனால் தனி ஆளை நம்பு, கூட்டத்தை நம்பாதே. முதலில் ஓடுகிறவன், பிறகு பிடிக்கிறவன், பிறகு எறிகிறவன். தடுப்புக் கடைசி. தடுப்பிலும், கெட்டிக்கார ஆட்களை எதிராளிக்கு ஒருவன் என்று ஒட்டவிட்டு மறிக்கிற அணிதான் நிலைக்கும்.

“பிற்ஸ்பேர்க் போன வருசம் நல்லாச் சாக்குப் போட்டதுதான்” என்றார். பந்தை எறிய முதலே எறிகிறவனை விழுத்துவதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. “ஆனா அந்தத் தடுப்புக்குத் திட்டம் போட்ட மனிசன் கரொலைனாவுக்குப் போயிட்டான், புது அணிக்குத் தலைமைப் பயிற்சியாளனா. இனி உவைக்குச் சாக்குச் சொல்ல மட்டும்தான் தெரியும்.”

மேசை அதிரச் சிரித்தார்கள். அன்புராசாவும் சிரித்துவிட்டு, பிறகு ஜெறோமைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

ஜெறோம் றோல்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். நாலு றோல்ஸை வரிசையாக மேசையில் அடுக்கினான். பின்னால் கட்லட்டுகள். எதிரே ஒரு தேத்தண்ணிக் கோப்பை.

“கோப்பைதான் எறியிறவன்” என்றான். “அகீல், எவன் பாய்வான்?”

“முன்னுக்கு நிக்கிற நாலு பேரும்.”

ஜெறோம் ஒரு றோலைப் பின்னுக்கு இழுத்தான். ஓரத்துக் கட்லட் ஒன்றைக் கோப்பையில் கொண்டுபோய் முட்டினான். மறுபடி அடுக்கினான். “இப்ப எவன்?” அகீல் அதே கட்லட்டைக் காட்டினான். வந்தது வேறொன்று. மூன்றாம் தரம் அன்புராசா காட்டினார், பிழை. நாலாம் தரம் இராஜரட்ணம் தன்னை அறியாமலே விரலை நீட்டினார். அதுவும் பிழை.

“கிளித்தட்டு” என்றான் ஜெறோம். “எவன் கிளி எண்டு தெரியாத கிளித்தட்டு.”

“ஆளுக்கு ஆள் ஒட்டி மறிச்சா உந்த வித்தை ஒண்டும் தேவையில்லை” என்றார் இராஜரட்ணம்.

“ஆளை மறிச்சா அவன் போற இடமெல்லாம் நாங்கள் ஓடவேணும். கோட்டை மறிச்சா அவன்தான் எங்களிட்ட வரவேணும்.”

“சரி. வித்தை காட்டின ஆளே போயிட்டானே. இனி மற்ற ஆக்களும் போவாங்கள். அப்ப?”

“ஆள் போனாலும் கோடு அங்கதான் கிடக்கும், அண்ணை.”

சொன்ன பிறகுதான் அது அவனுடைய காதிலும் விழுந்தது. தேத்தண்ணிக் கேத்திலோடு வந்த வேரோனிக்கா குசினி வாசலில் நின்றுவிட்டாள். அகீல் ஆட்டத்தைத் தவிர வேறொன்றும் நினைக்காமல் கேட்டான்: “அப்ப ஆள் போனாப் பறவாயில்லையோ?”

ஜெறோம் நகர்த்தின றோலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பறவாயில்லை எண்டில்லை” என்றான். “ஆராவது ஒராள் போய் அந்தக் கோட்டில நிக்கவேணும். அவ்வளவுதான்.”

தீர்ப்பு ஒருவரும் சொல்லவில்லை. இராஜரட்ணம் சஞ்சிகைகளை அடுக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பினார். “இரும், தம்பி” என்று கதிரையைக் காட்டினார். அன்புராசா ஏதோ சமாதானம் சொல்லப் போக, அவர் பிக்கரிங்கிலிருந்து ரெயின் ஏறி வந்ததுக்கு றோல்ஸாவது தின்னவிடும் என்று சொல்லிவிட்டு, அகீலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சீட்டுக் குலுக்கினார்கள். ஜெறோமுக்கு எட்டாவது இடம். கவலைப்படவில்லை. எட்டாவதாக எடுத்தாலும் தடுப்பு எங்கே போய்விடும் என்று நினைத்தான். அன்புராசா ஓர் ஓட்டக்காரனை எடுத்தார். அடுத்த இருவரும் ஓட்டக்காரர்களையே எடுத்தார்கள். நாலாவது அகீல். இராஜரட்ணம் அவனுடைய காதுக்குள் ஏதோ சொன்னார். அகீல் அவரை ஒருமுறை பார்த்தான், மேசையில் கிடந்த கட்லட்டுகளை ஒருமுறை பார்த்தான்.

“பிற்ஸ்பேர்க் தடுப்பு” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவன் அவசரமாக இன்னொரு நல்ல தடுப்பை எடுத்தான். அதற்கடுத்த இருவரும் ஆளுக்கொன்றை.

ஜெறோம் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டான். சும்மாதான் அண்ணை எடுத்தனான். காரணம் தெரியாமல் அவள் அப்படிச் சொன்னதில்லை. மூன்று வருடமும் அவர்களைச் சிரிக்கவிட்டு, தானும் கூடச் சிரித்து, ஒருவரும் தொடாத தடுப்பை அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். கிளி எது என்று காட்டாமலே ஆடியிருக்கிறாள். அவன் அவளுடைய கதிரையைப் பிடிக்க வந்து, அவளுடைய ஆட்டம் முழுவதையும் றோல்ஸும் கட்லட்டுமாக மேசையில் பரப்பிவிட்டிருந்தான். வாயின் ஓரம் தானாக இழுபட்டது. சிரிப்பு என்று அவனுக்கு உடனே பிடிபடவில்லை.

அவனுடைய முறை வந்தது. அன்புராசா தணிந்த குரலில், நல்ல ஓட்டக்காரன் ஒருவன் இன்னும் மிச்சம் இருக்கிறான், அவனை எடு, வீணாகப் பிடிவாதம் பிடிக்காதே என்று புத்தி சொன்னார்.

ஜெறோம் இராஜரட்ணம் சொன்னதை நினைத்தான். திட்டம் போட்டவன் போய்விட்டான். சும்மா போயிருக்கமாட்டான். போன இடத்தில் புதிதாகக் கோடு கீறுவான். நிற்க ஆட்களைத் தேடுவான்.

“கரொலைனா தடுப்பு” என்றான்.

மேசை மறுபடி பழைய மேசையாகிவிட்டது. உவங்கள் இன்னும் ஒரு மட்சுகூட ஆடவில்லை, மற்ற அணிகள் கழித்துவிட்ட கிழட்டு ஆட்களைப் பொறுக்கிச் சேர்த்த கூட்டம், கட்லட் மந்திரவாதிக்கு மந்திரம் முடிந்துபோயிற்று என்று ஆளுக்கொன்று சொல்லிச் சிரித்தார்கள். இராஜரட்ணம் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஜெறோமைக் கூர்ந்து பார்த்தார்.

“விசரே உமக்கு?” என்றான் அகீல். “ஏன் உவங்களை எடுத்தனீர்?”

ஜெறோம் கோட்டில் நின்ற றோல் ஒன்றை எடுத்துக் கடித்தான். உறைத்தது. வேரோனிக்கா மிளகாயைக் கூடப் போட்டிருந்தாள். மென்று விழுங்கிவிட்டு, சிரிக்கிறவர்களோடு தானும் கொஞ்சம் சிரித்தான்.

“சும்மாதான்” என்றான்.