சொந்தக் குப்பி

கிழக்கு வெளுக்கும் முன்பே கோடாலி வேலையில் இறங்கிவிட்டான். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. செத்த பேட்டரியை ஒரே வெட்டில் பிளப்பதால் பட்டறை வைத்த பேர் இது. மூடி தெறிக்கும். ஆசிட் காலில் வழியும். ஈயத் தகடுகள் சரிந்து விழும். அவற்றை அள்ளி உலையில் கொட்டினால் எழும் தூசி எல்லார் தலையிலும் படியும். அந்தப் பட்டறையில் சமமாகப் பங்கிடப்பட்டது அது ஒன்றுதான்.

அன்று ஈயப் பரிசோதனை. குப்பியில் சிறுநீர் தர வேண்டும். பரிசோதனைக்கார அம்மா அதில் ஒரு மருந்தைக் கலந்து, கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, ஊதா விளக்கைப் போடுவாள். ஈயம் இல்லையென்றால் இருட்டு. இருந்தால் மருந்து அதைப் பற்றிக்கொண்டு பச்சையாக ஒளிரும். ஒளிர்ந்தவனுக்குச் சம்பளமில்லாத ஓய்வு. வாழ்நாளில் முதல்முறை பிரகாசித்த அன்றே பிழைப்பு போய்விடும்.

போன தடவை ஒளிர்ந்தவர்கள் இன்னும் ஓய்விலேயே இருந்தார்கள். ஆகவே கோடாலி மூளையைச் செலவழித்திருந்தான். நாலு வயது மகள், பட்டறை வாசலைக்கூட மிதிக்காதவள். அப்பாவுக்குக் கொஞ்சம் கடன் கொடு கண்ணு என்று கொஞ்சிக் குப்பியை நிரப்பி வந்திருந்தான்.

விளக்கு எரிந்தது. குப்பி கிளிப்பச்சையாக ஒளிர்ந்தது.

முதலாளி மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்தார். “உனக்கு ஈயம் ஏறிப்போச்சுப்பா. போய் நல்லா ரெஸ்ட் எடு.”

வேலைச் சட்டையோடு மகளைத் தோளில் தூக்கிப் போட்டதும், அந்தச் சட்டையை அலசிய தொட்டியிலேயே அவளைக் குளிப்பாட்டியதும், வயிறு வலிக்குது என்று அழுதவளை மிட்டாய் தின்றதற்காகத் திட்டியதும் ஒவ்வொன்றாகக் கோடாலியின் கண்முன் வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டு போனால் என்றாவது திரும்பக் கூப்பிடுவார்கள். ஏமாற்றியவனுக்கு அதுவும் கிடையாது.

“இது என்னுது இல்ல மொதலாளி. எம் மகளோடது.”

“ஏமாத்தினியா?”

“ஆமா. என்னைத் துரத்திக்கோங்க. முதல்ல அவளுக்கு வைத்தியம் பாருங்க.”

“உன் பிள்ளைக்கு நான் எப்படிய்யா பொறுப்பு? வேலை குடுத்தது உனக்கு.”

“வேலைய எனக்குத்தான் குடுத்தீங்க. ஈயத்த வீட்டுக்கே குடுத்தனுப்பிட்டீங்க.”

வரிசையில் நின்ற, தகடு பொறுக்கும் அக்கா தன் குப்பியைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “இது எம் மருமகளோடது தம்பி. மாசமா இருக்கா.” உலைக்காரர் கையிலிருந்தது அவர் மகனுடையது. எடைக்காரன் தலையைச் சொறிந்தான். அவன் முதலாளியின் டிரைவரிடம் வாங்கியிருந்தான். வாசலில் நின்ற டிரைவர் முகம் வெளுத்தது. அடுத்தவனுக்குத் தெரியாமல் பட்டறை மொத்தமும் சிறுநீர் கடன் வாங்கியிருக்கிறது.

பேச்சு குசுகுசுப்பாகத் தொடங்கி உரத்தது. இனி எல்லாரும் சொந்தக் குப்பிதான் தருவது. வீட்டிலுள்ளவர்களையும் இதே விளக்கில் பார்க்க வேண்டும். பார்த்து வைத்தியம் தொடங்கும்வரை உலைக்குத் தீ இல்லை. உலைக்காரர் பேசாமல் போய் உலையை அணைத்துவிட்டு வந்தார்.

“எல்லாரும் ஒளிர்ந்தா எல்லாரும் வெளியே,” என்றார் முதலாளி. “வேலைக்கு வெளிய ஆள் நிக்குது.”

“நிக்கட்டும்,” என்றாள் அக்கா. “அவங்களுக்கும் விஷயத்தச் சொல்றோம்.”

முதலாளி விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார். அக்கா திரும்பச் செருகினாள். அவர் மறுபடி கை நீட்டியபோது பிளக்கின்மேல் ஏழெட்டுக் கறுத்த கைகள் இருந்தன. பரிசோதனைக்கார அம்மா அவரைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள், பிறகு புதுக் குப்பிகளை எடுத்து மேசையில் அடுக்கினாள்.

கோடாலி மனைவிக்குப் போன் போட்டான். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வா என்றான்.

“அண்ணி நடக்க வேணாம்,” என்றான் டிரைவர். “எல்லார் பிள்ளைகளையும் நான் ஏத்திட்டு வர்றேன்.”

முதலாளியின் காரை, முதலாளியைக் கேட்காமலே, அவன் வெளியே எடுத்தான்.