சேருக்கு நின்ற பிணை

சேர் திரும்பி வரமாட்டார் என்று யூலிற்றாவுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? பிணை நின்றது அவளா? அவளுடைய புருசன் கொன்ஸ்ரன்ரைன் அல்லவா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றான்!

சேர் என்றால் சும்மா பள்ளிக்கூடத்துச் சேர் இல்லை. வரலாற்றுப் பேராசிரியர் தில்லைநாதன். உலகத்து ஜனாதிபதிமார் எல்லாரையும் கரைத்துக் குடித்தவர். யார் எப்படி ஆண்டார், யார் எந்த இடத்தில் சறுக்கி விழுந்தார், தலைமை என்றால் என்ன என்று முப்பது வருடமாக அதையே படித்து, அதையே படிப்பித்து, அதையே எழுதிப் பெயர் எடுத்தவர். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது சனம் சட்டி பானையையும் கோழியையும் தூக்கிக்கொண்டு கிளாலிக் கடலைக் கடக்க, அவர் இரண்டு சூட்கேஸ் நிறையக் கடதாசியோடு வந்து இறங்கினார். அங்கே இங்கே இழுபட்டு, கடைசியில் வட்டக்கச்சியில் வயல் செய்துகொண்டிருந்த மச்சாள் அன்னபாக்கியத்தின் வீட்டில் ஒதுங்கினார்.

அந்த வீட்டுக்குப் பக்கத்து வளவில்தான் யூலிற்றாவின் கொட்டில். அவளும் கொன்ஸ்ரன்ரைனும் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர்கள். அங்கே அவன் மீனவர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவன். சண்டை வந்து கரையை விட்டுக் கிளப்பியபின் சங்கமுமில்லை, தலைவருமில்லை. இரணைமடுக் குளத்தில் ஜப்பான் மீன் என்கிற திலாப்பியாவுக்கு வலை போட்டுச் சீவியம் போனது. கடல் மீன் தின்று வளர்ந்த யூலிற்றாவுக்கு அந்தச் சேற்று மணம் வயிற்றைப் புரட்டும். சேருக்கோ அது தேவாமிர்தம். பின்னேரமானால் வேலியில் ஆள் நுழைகிற கடப்பால் வந்துவிடுவார்.

"என்ன தலைவர், இண்டைக்கு மீன்பாடு எப்பிடி?"

அந்த ஒரு சொல் போதும், கொன்ஸ்ரன்ரைன் உருகிப்போவான். கரையை விட்டு வந்தபின் அவனைத் தலைவர் என்று கூப்பிட்டவர் வேறு யார்? நல்ல நடுத்துண்டெல்லாம் சேரின் சோற்றுக் கோப்பைக்குப் போகும். வாலும் தலையும் யூலிற்றாவுக்கு. சேர் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தபடியே ஜனாதிபதிமாரின் கதையைத் தொடங்குவார். "தலைவன் எண்டவன் ஆர் தெரியுமே? எல்லாரையும் அனுப்பிப்போட்டுக் கடைசியாப் போறவன். நான் இவ்வளவு பேரைப் படிச்சுக் கண்டது அதுதான்." கொன்ஸ்ரன்ரைன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருப்பான். யூலிற்றா குசினிக்குள் சட்டியை வேண்டுமென்றே போட்டு அடிப்பாள்.

தொண்ணூற்றொன்பதில் சேருக்குக் கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகம் இடம் தருகிறதாம், தலைமைத்துவத்தைப் பற்றிய பெரிய புத்தகத்தை அங்கிருந்து எழுதி முடிக்கலாமாம். ஆனால் வன்னியை விட்டு வவுனியாவுக்குப் போவதென்றால் வன்னியை ஆண்ட இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் பிணை வேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் வீட்டிலிருந்து ஒரு குஞ்சும் வெளியே போக ஏலாது. இதுதான் சட்டம். கனடா என்று சொன்னால் விடுவார்களா? பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போய் ஒரு மாதத்தில் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார் சேர். கொன்ஸ்ரன்ரைனுக்கும் அதையேதான் சொன்னார்.

சொந்தக்காரர் பட்டபாட்டைப் பார்க்கவேண்டும். அன்னபாக்கியத்துக்கு அன்றைக்கென்று நெஞ்சுக்குத்து வந்தது. அவளுடைய புருசன் சூடடிக்கிற நேரமென்று வயலுக்குள் போனவன் போனவன்தான். அவர்களுக்குத் தங்கள் ஆளைத் தெரியாதா! மூன்றாம் நாள் சேர் வேலிக் கடப்பால் வந்தார். அன்றைக்கு மீன்கூடக் கேட்கவில்லை.

"தலைவர், எனக்கு இந்த ஊரில உங்களை விட்டா ஆர் இருக்கினம்?"

"என்ன சேர் இது, நான் நிக்கிறன்," என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

யூலிற்றாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இருந்தது. அந்த நாட்களில்தான் அவளுக்கு விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரியத் தொடங்கியிருந்தது. பக்கவாட்டில் வருகிற ஆட்கள் திடீரென்று முளைத்ததுபோல முன்னால் நின்றார்கள். கண்ணுக்குள் பிரஷர் ஏறுகிறது, கொழும்பில் ஒப்பரேசன் செய்து வெட்டவேண்டும், சுணங்கினால் போனது போனதுதான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"என்ர கண்ணுக்குப் பாஸ் எடுக்கவேணும். நீங்கள் இவருக்குப் பிணை நிண்டா நான் எப்பிடிப் போறது?"

"ஒரு மாசம்தானேயப்பா. சேர் வந்தாப் பிறகு நீ போ."

சேர் வெளிக்கிட்ட காலையில் யூலிற்றா பொரித்த மீனைப் பார்சல் கட்டிக் கொடுத்தாள். படலையடியில் மூன்று பேரும் நின்றார்கள். கொன்ஸ்ரன்ரைன் சேரின் சூட்கேசைப் பிடித்தபடி, "சேர், ஒரு மாசத்தில வந்திடுவியள்தானே? யூலியின்ர கண்ணை வெட்டவேணும்," என்றான். அவள் இரண்டு காதாலும் கேட்டாள். சேர் அவன் தோளில் தட்டி, "தலைவர், நான் வராமல் விடுவனே?" என்றார். பார்சலை வாங்கிக்கொண்டு போனார்.

போனார், போயே போனார். ஒரு மாதம் மூன்று மாதமானது, பிறகு வருடமானது. சேர் கனடாவில் பேராசிரியராகிவிட்டார் என்று அன்னபாக்கியம் பெருமையாகச் சொன்னாள். வெட்கம் கெட்டவள், நெஞ்சுக்குத்து எங்கே போனதோ! யூலிற்றாவின் வலது கண் முழுதாக அணைந்துவிட்டது. இடது கண்ணில் ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கறிக்கு உப்புப் போட்டோமா என்று நாக்கால் பார்த்தாள், அரிசியில் கல்லை விரலால் தேடினாள். கொன்ஸ்ரன்ரைன் பாஸ் குடுக்கிற கந்தோருக்கு நடையாய் நடந்தான். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: போனவர் வரட்டும்.

"உங்கட சேர் நாசமாய்ப் போக," என்பாள் அவள்.

"அப்பிடிச் சொல்லாத யூலி. அவருக்கு அங்க என்ன கஸ்டமோ."

இரண்டாயிரத்தோராம் ஆண்டில் கந்தோருக்குப் புதிதாக ஒரு பொறுப்பாளர் வந்தார். இளம் பொடியன்தான், ஒரு கால் இல்லை, ஊன்றுகோலை மேசையில் சாத்திவிட்டுப் பேசுவான். கொழும்பிலிருந்து வந்துபோன கண் டொக்டர் எழுதிய துண்டை அவன் இரண்டு தரம் வாசித்தான். இந்த மாதத்துக்குள் வெட்டினால் இடது கண்ணில் இருக்கிறதையாவது காப்பாற்றலாம் என்று அதில் இருந்தது.

"இஞ்ச பாருங்கோ ஐயா, அந்தாள் உங்களையும் ஏமாத்திப்போட்டுத்தான் போனது எண்டு எழுதிறன். ஏமாந்த சனத்தை ஏன் வருத்துவான்? திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்கோ. அம்மாவுக்குப் பாஸ் தாறன்."

யூலிற்றா அந்தக் கந்தோர் வாசலிலேயே சிலுவை போட்டு அழுதாள். வீட்டுக்கு வந்து சீலை இரண்டைத் தோய்த்துக் காயவிட்டாள். கண்ணாடியில் தன் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்து, இனிப் பயமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்ததே, அதுதான் வினை.

சேர் அன்று பின்னேரம் வெளிநாட்டுத் தமிழ் வானொலியில் பேசப்போகிறார் என்று அன்னபாக்கியம் ஒழுங்கை முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். ரேடியோ பற்றரிக்குத் தடை, மின்சாரம் என்ற பேச்சே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, ஒரு ஆள் கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அது பேசும். கண் தெரியாதவளுக்கும் ஏலக்கூடிய வேலை என்று பெடலை யூலிற்றாவின் கையில் கொடுத்தாள் அன்னபாக்கியம். சேரின் குரலைக் கேட்க அவள்தான் மாடுபோல் சுற்றவேண்டும், கொடுமையைப் பார்த்தீர்களா! ஆனாலும் சுற்றினாள். நாளைக்குப் பாஸ் வருகிறது, இன்றைக்கு எதுவும் செய்யலாம் போலிருந்தது அவளுக்கு.

சேரின் குரல் அப்படியே இருந்தது, நன்றாகத் தின்றவரின் குரல். புத்தகம் வெளிவந்துவிட்டதாம், பரிசுகூடக் கிடைத்திருக்கிறதாம். பேட்டி எடுத்த பெண், "இத்தனை ஜனாதிபதிகளை ஆராய்ந்த உங்களுக்கு உண்மையான தலைமை எங்கே தெரிந்தது?" என்று கேட்டாள்.

"எந்த ஜனாதிபதி மாளிகையிலும் இல்லை," என்றார் சேர். "வட்டக்கச்சியில் ஒரு ஏழை மீனவரிடம் கண்டேன். பெயர் கொன்ஸ்ரன்ரைன். நான் வெளியே வருவதற்குப் பிணை நின்றவர். புறப்படும்போது என் கையைப் பிடித்துச் சொன்னார்: சேர், என்னைப் பற்றி யோசியாதேங்கோ, நீங்கள் திரும்பி வராதேங்கோ, உங்கட புத்தகம்தான் முக்கியம் என்று. என் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அவரைப் பற்றியதுதான்."

யூலிற்றாவின் கை நின்றது. ரேடியோவும் கரகரத்து நின்றது.

"சுத்தடி! சுத்தடி!" என்று கத்தினாள் அன்னபாக்கியம். யூலிற்றா சுற்றவில்லை. முற்றத்தில் இருந்த சனமெல்லாம் கொன்ஸ்ரன்ரைனின் பக்கம் திரும்பியதை அவள் கதிரைகளின் சத்தத்தில் அறிந்தாள்.

"உண்மையே கொன்ஸ்ரன்ரைன்? அப்பிடியே சொன்னனி?" என்று கேட்டாள் அன்னபாக்கியம். இரண்டு வருடமாக அவனை ஏமாளி என்று நக்கலடித்த வாய் அது. இப்போது அதில் மரியாதை சொட்டியது.

இல்லை என்று சொல்லுங்கோ, இல்லை என்று சொல்லுங்கோ என்று யூலிற்றாவின் உள்ளம் அடித்துக்கொண்டது.

"ஓம்," என்றான் அவன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அப்பிடித்தான்."

வளவுக்குள் வந்ததும் அவள் அவனைப் பிடித்தாள். "எப்பவப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்? நான் பக்கத்தில நிண்டனான். ஒரு மாசத்தில வாங்கோ, யூலியின்ர கண்ணை வெட்டவேணும் எண்டெல்லே சொன்னனீங்கள்?"

"அதுக்குப் பிறகு சொல்லியிருப்பன்."

"அதுக்குப் பிறகு அந்தாள் பார்சலோட போயிட்டுது!"

"நீ குசினிக்குள்ள போயிருப்பாய். சொல்லியிருப்பன் யூலி. சேர் புத்தகத்திலையே எழுதியிருக்கிறார்." அவன் குரலில் ஒரு பூரிப்பு இருந்தது. முல்லைத்தீவில் சங்கக் கூட்டம் முடிந்து வருகிற நாட்களில் அப்படித்தான் பேசுவான். அவளுக்குப் பகீரென்றது. கந்தோரில் கேட்டிருக்கமாட்டார்கள், மாதாவே, கேட்டிருக்கக்கூடாது என்று மன்றாடினாள்.

கேட்டிருந்தார்கள். வன்னி முழுக்கக் கேட்டிருந்தது.

"இருங்கோ அம்மா," என்றான் பொறுப்பாளர் திங்கட்கிழமை காலை. குரலில் பழைய இளக்கம் இல்லை. "ஏமாந்தவர் எண்டுதான் நான் எழுதினனான் ஐயா. அந்தாள் என்னடா எண்டா, வராதேங்கோ எண்டு நீங்கள்தான் சொல்லி அனுப்பினதெண்டு உலகத்துக்கே சொல்லிப்போட்டுது. மேல கேக்கினம். நான் என்ன சொல்லுறது?"

"அது பச்சைப் பொய் தம்பி!" என்று யூலிற்றா எழும்பிவிட்டாள். "நான் பக்கத்தில நிண்டனான்!"

"உங்களை நம்புறன் அம்மா. ஆனா பிணை நிண்டது ஐயா. அவர்தான் சொல்லவேணும்." அவன் கொன்ஸ்ரன்ரைனின் பக்கம் திரும்பினான். "ஐயா, ஒண்டும் வேண்டாம். அந்தாள் ரேடியோவில சொன்னது பொய் எண்டு உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ. இப்பவே பாஸ் எழுதித் தாறன்."

பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு கிட்டத்தில் இருந்தது அவளுடைய கண். யூலிற்றா தடவிப்போய்க் கொன்ஸ்ரன்ரைனின் கையைப் பிடித்து உலுப்பினாள். "சொல்லுங்கோப்பா. பொய் எண்டு சொல்லுங்கோ. என்னைப் பாருங்கோ, சொல்லுங்கோ."

அவனுடைய கை வேர்த்திருந்தது. அவன் செருப்பைத் தரையில் தேய்த்தான்.

"சேர் பொய் சொல்லமாட்டார் தம்பி," என்றான். "அவர் வரலாறு எழுதிற ஆள்."

பொறுப்பாளர் இன்னொரு தரம் கேட்டான். மூன்றாம் தரமும் கேட்டான், பாவம், அவனுக்கு விருப்பமிருந்தது. பிறகு பேனாவை மூடிவிட்டு, "அப்ப போயிட்டு வாங்கோ ஐயா," என்றான்.

வீட்டுக்கு வருகிற வழியில் யூலிற்றா சைக்கிள் கரியரில் இருந்தாள். கொன்ஸ்ரன்ரைன் மூச்சு வாங்க உழக்கியபடி பேசிக்கொண்டே வந்தான். அடுத்த மாதமும் டொக்டர் வருவாராம், இந்தப் பொடியன் மாறினால் வேறு ஆள் வருமாம், சேருக்கே ஒரு கடிதம் போட்டால் அவர் ஏதாவது செய்வாராம். "புத்தகம் எப்பிடியும் இஞ்சால வரும் யூலி. கடைசி அத்தியாயம் முழுக்க நான்தானாம். உனக்கு நானே வாசிச்சுக் காட்டுறன்."

"நிப்பாட்டு," என்றாள் அவள். இருபத்தாறு வருடத்தில் அவனை ஒருமையில் சொன்னது அதுதான் முதல் தரம். "நிப்பாட்டடா!"

அவன் நிற்பாட்ட முன்னமே குதித்து இறங்கினாள். இனி இவனோடு ஒரு அடி வைப்பதில்லை என்று விறுவிறென்று நடந்தாள். நாலைந்து எட்டுப் போயிருப்பாள், கால் மதகுக் கட்டில் அடிபட்டது. கையை நீட்டினாள், முள்ளுக்கம்பி தட்டியது. இந்தப் பக்கம் திரும்பினாள், வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் காலுக்குக் கீழே கேட்டது. வட்டக்கச்சி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. "மாதாவே," என்று வாய்விட்டுக் கத்தினாள். ஒருவரும் வரவில்லை.

பின்னால் கொன்ஸ்ரன்ரைன் சைக்கிள் மணியை அடித்தான். "இஞ்சால யூலி, இஞ்சால," என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கு இடம் தெரியட்டும் என்று மணியை விடாமல் அடித்துக்கொண்டு நின்றான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அசையாமல் நின்றாள். பிறகு அந்தச் சத்தத்தைப் பிடித்து நடந்து போய், கையால் துழாவிக் கரியரைத் தேடினாள்.