மூன்று தடவை கூப்பிடு

மார்ட்டென் என்பவனை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். மலையே இல்லாத நெதர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு மண்சரிவைப் பற்றிப் பாடம் எடுக்கிற ஆள் அவன்.

அவன் பொறுப்பில் இருந்தது ஒரு திறந்தமூல மென்பொருள். மலை உச்சியில் ஒரு மழைமானி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி. மழை அளவு மீறினால் பெட்டி அந்த வீட்டு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். வெளியேறுகிறவர்கள் பெட்டியில் உள்ள பொத்தானை ஆளுக்கு ஒரு தடவை அமுக்கிவிட்டு இறங்க வேண்டும். எந்த வீட்டில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எங்கள் போனில் தெரியும். உலகம் முழுக்க ஆட்கள் சம்பளம் இல்லாமல் இதற்கு நிரல் எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் மார்ட்டென் பார்த்துச் சரி என்றால்தான் அது உள்ளே போகும்.

நான் ஹட்டனில் நூர்தீன் நானாவின் போன் கடையில் ரிப்பேர் வேலை பார்க்கிறேன். நானா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். கடையின் பின்னறையில், போன் கவர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இந்த மென்பொருளுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தது நான்தான். நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டத்து மேல் லயத்துக்குத்தான் முதல் பெட்டிகள் வந்தன. எங்கள் வீட்டுக்கு நான் பதிந்தது, "மீனம்மா, உடனே வெளியே வாங்க."

மீனம்மா என் அம்மா. ஆறாம் வீட்டில் தனியாக இருக்கிறாள்.

பெட்டி பொருத்திய மாலை சோதித்துப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் பின்னால் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கிட்ட நின்று போனைத் தட்டினேன். லயத்தைப் பனிமூட்டம் மூடியிருந்தது. பெட்டி என் குரலில் கூப்பிட்டது. அம்மா வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், அடுப்படிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்திருந்தாள்.

"என்னம்மா, பெட்டி கத்துறது காதுல விழலயா?"

"ஒரு தடவதானே கூப்பிட்டுச்சு."

"அதனால?"

"ஒத்தக் குரலுக்கு எந்திரிச்சுப் போகக்கூடாதுடி. மனுசன்னா மூணு தடவ கூப்பிடுவான். அதுகளால ஒரு தடவைக்கு மேல ஏலாது."

எங்கள் லயத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவை வரும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். என் தங்கை சுகந்தினியும் அப்படித்தான் வளர்ந்தாள். அவள் போனதே அதனால்தான். நாலு வருடத்துக்கு முன் ஒரு மழை மாலையில் மேட்டு மண் விரிசல் விட்டபோது எங்கள் லயத்து மாயாண்டி மாமா ஒவ்வொரு வாசலிலும் ஒரு குரல் கொடுத்துக்கொண்டு ஓடினார். நின்று மூன்று தடவை கூப்பிட அவருக்கு ஏது நேரம்? அம்மா அப்போது கீழே கோயிலில் இருந்தாள். சுகந்தி வீட்டில் தனியாக அடுத்த குரலுக்குக் காத்திருந்திருப்பாள். லயத்தின் அந்தக் கோடி அப்படியே மண்ணுக்குள் போனது. மிச்சம் நின்றதில் எங்களுக்கு ஆறாம் வீட்டைக் கொடுத்தார்கள்.

"இன்னொண்ணும் சொல்றேன் கேளு," என்றாள் அம்மா. "உன் குரலும் அவ குரலும் ஒண்ணு. பொழுது விழுந்தா அவ பீலிகிட்ட நின்னு ஒரு தடவ கூப்பிடுறா. தினமும். போயிறக்கூடாதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்ப நீ வேற பெட்டிய வச்சு அதே குரல்ல கூப்பிடுற."

அந்தப் பீலிக்கிட்டதான் கொஞ்ச நேரத்துக்கு முன் நான் நின்றிருந்தேன்.

மறுநாளே திருத்தம் எழுதி அனுப்பினேன். பெட்டி மூன்று தடவை கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். கூடவே நானாவைப் பிடித்து உட்கார வைத்து அவர் குரலிலும் பெயர்களைப் பதிந்து சேர்த்தேன். "நானா, சாமான் விக்கிற மாதிரி கூவாதீங்க" என்று சொல்லிச் சொல்லி ஒரு மாதிரி முடித்தோம்.

மார்ட்டென் பதில் போட்டான். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பேசும், ஒவ்வொன்றும் மூன்று தடவை கூப்பிட்டால் கடைசி வீட்டுக்குத் தாமதமாகும். மக்கள் மூன்றாவது அழைப்புக்குக் காத்திருப்பார்கள் என்பதற்கு ஆய்வு ஏதும் உண்டா?

ஆய்வாம், ஆய்வு! என் தங்கச்சி மண்ணுக்குள் கிடக்கிறாள், அவளைப் போய்க் கேள் என்று தட்டினேன். அனுப்புவதற்குள் நானா எட்டிப் பார்த்துவிட்டார்.

"புள்ள, கோவத்த அழிச்சிட்டு விசயத்த மட்டும் எழுதுங்க."

அழித்துவிட்டு எழுதினேன். நேபாளத்திலிருந்து ஒருத்தி எனக்குப் பரிந்து பேசினாள். அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றான் மார்ட்டென். நாமே ஏற்றிவிடலாம் என்றால், வெளியிட்ட பதிப்பைத் தவிர எதையும் ஏற்றக்கூடாது என்று சொல்லித்தான் தோட்டத்தில் அனுமதியே தந்திருந்தார்கள். மழைக்காலம் வந்துவிட்டது. ஹட்டனுக்கு வந்துவிடு என்று அம்மாவிடம் கெஞ்சினேன். "அவ வந்து கூப்பிடுறப்ப வீடு பூட்டிக் கிடந்தா?" என்று கேட்டாள்.

ஐப்பசி கடைசியில் ஒரு மாலை கடையில் கரண்ட் போனது. என் போன் அலறியது. மேல் லயத்தில் மழை அளவு மீறிவிட்டது.

திரையில் வீடுகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலாம் வீடு, நாலு பேர் இறங்கிவிட்டார்கள். இரண்டாம் வீடு, மூன்று பேர். அன்றைக்கு லயத்தில் மற்ற எல்லாரும் ஏற்கெனவே வாசலில் நின்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஆறாம் வீடு, கூப்பிட்டாயிற்று. யாரும் இறங்கவில்லை. அழைப்பு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

அம்மாவுக்குப் போன் போட்டேன், அடிக்கவே இல்லை. மாயாண்டி மாமாவுடையதும் அப்படித்தான். "எந்திரிம்மா, நான்தான்மா கூப்பிடுறேன்!" என்று கடைக்கு நடுவில் நின்று கத்தினேன். ஹட்டனில் கத்தினால் அங்கே கேட்குமா? நானா வேன் சாவியைத் தேடி ஓடினார். கடைசி வீடும் காலியானது. ஆறாம் வீடு மட்டும் அப்படியே நின்றது.

அப்புறம் அது மாறியது. ஆறாம் வீடு, இரண்டு பேர்.

மாயாண்டி மாமாதான் உள்ளே போய் இழுத்து வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்து அழுதேன். நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

நோர்வூட்டுக்கு முன்னால் மரம் விழுந்து பாதை அடைத்திருந்தது. விடிந்த பிறகு நடந்துதான் போனேன். ஆறாம் வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. ஸ்கூல் மண்டபத்தில் அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற மாயாண்டி மாமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எனக்கு எதுக்கும்மா கும்பிடு? நான் முன்னுக்கே கீழ வந்துட்டேன். உங்கம்மா தனியாத்தான் வந்துச்சு" என்றார்.

அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பெட்டி ஒரு தடவதானே கூப்பிட்டுச்சு. எப்படிம்மா வந்த?"

"மூணு தடவ கூப்பிட்டுச்சே. மொத தடவ உன் பெட்டி. மீனம்மா, வாங்கன்னுச்சு. நான் அசையல. ரெண்டாவது தடவ பீலிப் பக்கமிருந்து. அப்பறம் வாசல்லயே நின்னு, 'ஏம்மோவ், வாயேன்'னு."

ஏம்மோவ் என்று நான் கூப்பிடுவதில்லை. சுகந்திதான் அப்படிக் கூப்பிடுவாள்.

"அதுகளால ஒரு தடவைக்கு மேல ஏலாதுன்னு நீதானேம்மா சொன்ன."

"ஏலாதுதான்." அம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "தொண்டைக்குள்ள மண்ணு அடைச்ச மாதிரி இருந்துச்சுடி அவ குரலு. என்ன பாடுபட்டுக் கூப்பிட்டாளோ."

போனில் பார்த்த எண்ணிக்கை ஞாபகம் வந்தது. "பொத்தான ஏன் ரெண்டு தடவ அமுக்கின?"

"ஆளுக்கு ஒரு தடவன்னு நீதானே சொல்லிக் குடுத்த? வாசல்ல நிக்கிறவள விட்டுட்டு எப்பிடிடி ஒண்ணு அமுக்குவேன்? போன தடவ விட்டுட்டுப் போனது காணாதா?"

ஹட்டனுக்குத் திரும்பியபோது மார்ட்டெனின் செய்தி வந்து கிடந்தது. எல்லாரும் தப்பித்ததில் சந்தோஷம் என்று எழுதியிருந்தான். ஒரே அழைப்புக்கு எல்லா வீடும் காலியானதால் என் திருத்தம் தேவைப்படாது போலிருக்கிறது. ஆறாம் வீட்டில் பதிவில் இருப்பது ஒருவர், இறங்கியது இருவர் என்று காட்டுகிறது, எண்ணிக்கையில் பிழையா?

நான் எழுதினேன். பிழை இல்லை. மீதி இரண்டு தடவை கூப்பிட எங்கள் வீட்டுக்கு ஆள் இருந்தது. எல்லா வீட்டுக்கும் இருக்காது. ஒவ்வொரு மழைக்கும் அவளைச் சிரமப்படுத்தவும் முடியாது. திருத்தத்தைச் சேர்.

நானா என் தோளுக்கு மேலாக முழுவதையும் படித்தார். இந்தத் தடவை எதையும் அழிக்கச் சொல்லவில்லை.