பிள்ளையாருக்கு வைத்த முதல் பூ

கீழ்வீட்டு உம்மு குல்சும் தயிர்ச்சட்டியில் நட்டுக் கொடுத்த ஒற்றைத் தண்டு, ஒரு வருடத்துக்குள் அன்னலட்சுமியின் ஜன்னலிலிருந்து இறங்கி, கீழே உட்காரப் போட்டிருந்த கதிரையின் முதுகுவரை தொங்கிவிட்டது. இலைகளெல்லாம் ஊதா நிறப் பூமயிர். தொட்டால் பூனைக்குட்டியைத் தடவுவது போலிருக்கும். வெல்வெட் செடி என்றே இருவரும் சொல்வார்கள். அவர்கள் ஊரான அம்பிட்டியவின் மழைக்கு வெளியே தாங்காது என்பதால் ஹாலிலேயே அதற்கு ராஜ வாழ்க்கை.

கொடுக்கும்போதே உம்மு குல்சும் மூன்று விஷயம் சொல்லியிருந்தாள். வேருக்கு மட்டும் தண்ணீர், இலை நனையக் கூடாது. வெளிச்சம் வேண்டும், சுடுவெயில் ஆகாது. மொட்டு வந்தால் கிள்ளிப் போட்டுவிட வேண்டும். முதல் இரண்டையும் அன்னலட்சுமி அப்படியே கடைப்பிடித்தாள். மூன்றாவதைத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆசையாக வளர்த்த செடியின் முதல் மொட்டைக் கிள்ளி எறிய எவளுக்கு மனசு வரும்? பாவம், சாமிக்குப் பூ வைக்காத வீடு, பூவின் அருமை அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் செம்மஞ்சள் பூக்கள் கொத்தாய் விரிந்திருந்தன. தலைக்குக் குளித்துவிட்டு, தடிமன் பிடித்த மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஒன்று விடாமல் பறித்துப் பிள்ளையார் படத்துக்கு வைத்தாள். மழைக்குப் பயந்து ஜன்னல்களையும் அடைத்தாள்.

மத்தியானம் மூக்கு திறந்ததும் வீடு நாறியது.

மாநகர சபை வேலை முடிந்து வந்த கணவர் ஸ்ரீதரன், எலி செத்திருக்கிறது என்று வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார். அலுமாரியை நகர்த்தினார்கள். தூசியைத் தவிர ஒன்றுமில்லை. சாம்பிராணி போட்டதில் நாற்றத்துக்குப் பக்தி வந்ததே தவிர, அது குறையவில்லை. அன்னலட்சுமிக்குத் தலை சுற்றியது. அடுப்படியில் லேசாக இருந்த நாற்றம், விளக்கருகில் வந்தால் மூக்கைத் துளைத்தது. சாமி கோபமா, போன வாரம் விளக்கேற்ற மறந்ததற்கா என்றுகூட யோசித்தாள். கடைசியில் ஜன்னலைத் திறந்தபோது கீழிருந்து தாளிக்கும் வாசனை வந்தது. கருவாடுதான், வேறென்ன!

ஸ்ரீதரன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டுச் சாவியை நம்பிக் கொடுத்தது கீழ்வீட்டு உம்மு குல்சுமிடம்தான். அந்தப் பழக்கம் முறிந்துவிடுமோ என்று பயந்து பயந்துதான் படியிறங்கினாள்.

"தப்பா நினைக்காதீங்க குல்சும். வெள்ளிக்கிழமைங்க. கருவாட்ட இன்னொரு நாளைக்குப் பொரிக்கக் கூடாதா?"

உம்மு குல்சுமின் முகம் சுருங்கியது. அவள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது பருப்பு. அடுப்பை அணைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவளோடு மேலே வந்தாள். வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள். பிறகு செடியைப் பார்த்தாள்.

"இதுல பூத்து ஈந்த பூவெல்லாம் எங்க?"

அன்னலட்சுமி சாமித் தட்டைக் காட்டினாள்.

"அந்தப் பூதான் அக்கா நாறுது. அதுக்குத்தான் மொட்டக் கிள்ளச் செல்லினேன்."

ஸ்ரீதரன் குனிந்து முகர்ந்துவிட்டு மூக்கைப் பொத்தினார். சாமி முன்னால் மூக்கைப் பொத்துவதா என்று உடனே கையை எடுத்தார். உம்மு குல்சும் தட்டருகே போகவில்லை. அன்னலட்சுமியே பூக்களை அள்ளி, பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். அதற்குள் உம்மு குல்சும் படிக்குப் போயிருந்தாள்.

"அக்கா," என்றாள், திரும்பாமலே. "நீங்க மேல குடிவந்த நாள்ல இருந்து எங்கட ஊட்டுல வெள்ளிக்கிழமைல கருவாடு பொரிக்கிறதில்ல. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அன்னலட்சுமிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை வருடமாக இது தெரியாமலா இருந்தோம்?

"ஞாயித்துக்கிழமை பொரிங்க குல்சும். நான் கீழ வந்து சாப்பிடுறேன்."

உம்மு குல்சும் இரண்டு படி இறங்கிய பிறகு, "கைய நல்லாக் கழுவிட்டு வாங்க," என்றாள்.